விக்கியில் எழுத வருகிறவர்களுக்கு: கணக்குத் தொடங்குவதிலிருந்து முதல் கட்டுரை நிலைப்பது வரை

தமிழ் விக்கிப்பீடியாவில் ஆர்வத்தோடு கணக்குத் தொடங்கி, ஒரே மூச்சில் நீண்ட கட்டுரை ஒன்றைப் போட்டு, மறுநாள் அது நீக்கப்பட்டதைப் பார்த்து மனம் வெறுத்துப் போனவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் அவர்கள் எழுத்தில் குறை இருக்காது. வரிசைதான் தவறியிருக்கும். முதலில் கட்டுரையை எழுதிவிட்டு அப்புறம் சான்று தேடியிருப்பார்கள். பதிப்புரிமை பற்றிய நினைப்பு நீக்கல் அறிவிப்பு வந்த பிறகுதான் வந்திருக்கும். அந்த வரிசையைச் சரியாகப் போட்டுக் கொடுக்கவே இந்தக் குறிப்புகள்.

எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று தடுமாறும்போதெல்லாம் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். எனக்குப் பிறகு இந்தப் பக்கத்துக்கு வருகிற முன்பின் தெரியாத ஒருவர், என்னிடம் எதுவும் கேட்காமலே, நான் எழுதியதைச் சரிபார்க்க முடியுமா? முடியும் என்றால் அது நல்ல தொகுப்பு (பக்கத்தில் செய்யும் மாற்றத்தை விக்கியில் இப்படித்தான் சொல்வார்கள்), இரண்டு சொல் மட்டும் மாற்றியிருந்தாலும் சரி. முடியாதென்றால், எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் அது நிற்காது. விக்கி விதிகளில் முக்கால்வாசியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இந்தக் கேள்வியை வைத்தே ஊகித்துவிடலாம்.

1. கணக்கு: செலவில்லை, ஆனால் நான்கு நாள் முன்னதாகத் தொடங்குங்கள்

கணக்குக்குப் பணம் கிடையாது, அடையாள ஆவணம் எதுவும் கேட்கமாட்டார்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போதும். மின்னஞ்சல் கட்டாயமில்லை என்று இருக்கும், ஆனாலும் கொடுத்துவிடுங்கள். கடவுச்சொல் மறந்துபோனால் கணக்கை மீட்க வேறு எளிய வழி இல்லை. மின்னஞ்சல் முகவரி பிறர் கண்ணில் படாது.

பெயரில் கவனம் தேவை. நிறுவனம், கட்சி, கல்லூரி, மன்றம் ஆகியவற்றின் பெயரை வைக்காதீர்கள். ஒரு கணக்கு ஒரு மனிதருக்கு மட்டும். "எங்கள் துறைக்கென்று ஒரு கணக்கு" என்று நான்கு பேர் பகிர்ந்துகொள்வது அனுமதியில்லை. உண்மைப் பெயர் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பயனர் பெயரை ஒட்டிப் பிறந்த ஆண்டையும் கைப்பேசி எண்ணின் கடைசி இலக்கங்களையும் சேர்க்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். நீங்கள் செய்யும் ஒவ்வொரு தொகுப்பின் பக்கத்திலும் அந்தப் பெயர் நிரந்தரமாக நிற்கும்.

இதே கணக்கு விக்சனரி (அகராதி), விக்கிமூலம் (பழைய நூல்கள்), விக்கிமீடியா பொதுவகம் (படங்கள்), விக்கித்தரவு (தரவும் மொழி இணைப்புகளும்) ஆகிய உறவுத் திட்டங்கள் எல்லாவற்றிலும் செல்லும். தனித்தனியாகத் தொடங்கத் தேவையில்லை.

புதுக் கணக்குக்குச் சில கதவுகள் உடனே திறக்காது. விசமத்தைத் தடுக்கக் காக்கப்பட்ட பக்கங்களைத் தொகுப்பது, பக்கத்தின் தலைப்பை மாற்றி நகர்த்துவது போன்றவற்றுக்குக் கணக்கு தொடங்கிக் குறைந்தது 4 நாள் ஆகியிருக்க வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாவில் அத்தோடு 10 தொகுப்புகளும் வேண்டும். அதனால் எழுதப்போவது அடுத்த வாரம் என்றாலும் கணக்கை இன்றே தொடங்கி வையுங்கள்.

இங்கே இரண்டு இடத்தில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்:

- ஒரே ஐபி முகவரியிலிருந்து ஒரு நாளில் 6 கணக்குகள்தான் தொடங்க முடியும். கல்லூரிப் பயிலரங்கில் நாற்பது மாணவர் ஒரே வைஃபையில் உட்கார்ந்தால் ஏழாவது மாணவர் அங்கேயே நின்றுவிடுவார். பயிலரங்குக்கு வருகிறவர்கள் முந்தைய நாளே வீட்டில் கணக்குத் தொடங்கி வரட்டும். அது முடியாதென்றால், வரம்பைத் தளர்த்தும்படி முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.
- விபிஎன் போட்டிருந்தால் "உங்கள் முகவரி தடுக்கப்பட்டுள்ளது" என்று வரும். தடுக்கப்பட்டது நீங்கள் அல்ல, பலர் பகிரும் அந்த முகவரி. விபிஎன்னை அணைத்துவிட்டு, புகுபதிகை செய்துவிட்டு (கணக்குக்குள் நுழைந்து) மறுபடி முயலுங்கள்.

2. எழுத்து: கண்ணுக்குத் தெரியாத பிழைகள்

தட்டச்சுக்குத் தனி மென்பொருள் வேண்டியதில்லை. தொகுப்புப் பெட்டிக்குள் வரும் விசைப்பலகைப் படத்தைச் சொடுக்கினால் தமிழ்99, எழுத்துப்பெயர்ப்பு முதலிய தட்டச்சு முறைகள் வரும். கண்ட்ரோல், எம் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிக்கொள்ளலாம்.

பழைய பிடிஎஃப் கோப்புகளிலிருந்து எடுத்து ஒட்டும்போதுதான் சிக்கல். பாமினி, டாப், டிஸ்கி குறியாக்கங்களில் உள்ள உரை விக்கியில் ஒட்டினால் குப்பையாக வரும். ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிய பின்பே ஒட்ட வேண்டும். மாற்றிய பிறகும் ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள்.

அதைவிட ஏமாற்றும் பிழை ஒன்று உண்டு. "கௌதமன்" என்று எழுத ஔகாரக் குறியைத் தட்டாமல், ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு "கெளதமன்" என்று அடித்துவிடுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். "கௌதமன்" என்று தேடுகிறவருக்கு உங்கள் கட்டுரை கிடைக்காது. அவர் கட்டுரை இல்லையென்று நினைத்து இன்னொன்று எழுதுவார். கால் போட வேண்டிய இடத்தில் ரகரத்தைத் தட்டுவதும் இதே வகை. படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஒளிவழி எழுத்துணரி (ஓசிஆர்) தந்த உரையில் எகரத்துக்குப் பதில் தமிழ் எண் ௭, அகரத்துக்குப் பதில் ௮, ககரத்துக்குப் பதில் ௧ நுழைந்திருக்கும். ஐயம் இருந்தால் அந்தச் சொல்லை நீங்களே புதிதாகத் தட்டி, உலாவியின் தேடலில் போட்டுப் பாருங்கள். பக்கத்தில் அது ஒளிரவில்லை என்றால் உள்ளே இருப்பது வேறு எழுத்து.

3. முதல் இரண்டு வாரம்: புதுக் கட்டுரை வேண்டாம்

இதை அழுத்திச் சொல்கிறேன். ஏற்கெனவே இருக்கும் கட்டுரைகளில் ஓர் இருபது முப்பது சிறு திருத்தங்கள் செய்த பிறகு புதுக் கட்டுரையில் கை வையுங்கள். நாளுக்குக் கால் மணி நேரம் போதும். இதில் இரண்டு நன்மை. வார்ப்புரு (ஆயத்தமான குறிப்புப் பெட்டி), பகுப்பு (கட்டுரையின் வகைக்குறி), உள்ளிணைப்பு (பிற விக்கிக் கட்டுரைக்கான இணைப்பு) எல்லாம் எப்படி இருக்கின்றன என்பது கைக்குப் பழகிவிடும். உங்கள் பங்களிப்புப் பட்டியலைப் பார்க்கிறவர்களுக்கும் நீங்கள் ஒரே ஒரு கட்டுரையைப் போடுவதற்கென்றே வந்தவர் இல்லை என்பது புரியும்.

எதைத் திருத்துவது என்று தேட வேண்டியதில்லை. உங்கள் ஊர், உங்கள் மாவட்டம், உங்கள் பாடத்துறை பற்றிய கட்டுரைகளைத் திறந்து "தற்போது", "அண்மையில்", "கடந்த ஆண்டு", "இன்றைய முதல்வர்" ஆகிய சொற்களைத் தேடுங்கள். இவை எழுதிய அன்று உண்மை, பிறகு பொய். "தற்போது இவ்வூரின் மக்கள்தொகை" என்று இருந்தால், எந்தக் கணக்கெடுப்பு என்று சான்றைத் திறந்து பார்த்து, "2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி" என்று ஆக்குங்கள். சான்றே இல்லையென்றால் ஆண்டை ஊகித்துப் போடாதீர்கள். சான்று தேவை என்ற வார்ப்புருவை இட்டுவிட்டு நகருங்கள். செத்துப்போன இணைப்புகளுக்கு இணைய ஆவணகத்தில் (இன்டர்நெட் ஆர்க்கைவ்) சேமித்த படியைத் தேடித் தருவதும் இப்படிப்பட்ட, யாருக்கும் கோபம் வராத, மிகவும் பயனுள்ள வேலை.

சேமிக்கும் முன் முன்தோற்றம் பாருங்கள். தொகுப்புச் சுருக்கம் என்ற சின்னப் பெட்டியைக் காலியாக விடாதீர்கள். புதியவர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அடுத்தவர் உங்களை நம்புவதா, மீளமைப்பதா (மாற்றத்தைப் பழைய நிலைக்குத் திருப்புவதா) என்று முடிவு செய்வதே அந்த ஒரு வரியை வைத்துத்தான். "திருத்தம்" என்றால் ஒன்றும் தெரியாது. "பிறந்த ஆண்டு 1921 என்பதை 1912 ஆக்கினேன், நூலின் 14ஆம் பக்கம், சான்று இணைத்துள்ளேன்" என்றால் பார்க்கிறவர் அரை நிமிடத்தில் சரிபார்த்துவிடுவார். சுருக்கமே இல்லாமல் ஆண்டை மட்டும் மாற்றினால் அது விசமத் தொகுப்பைப் போலத்தான் தெரியும். ஆண்டுகளை மாற்றி விளையாடுவது விசமிகளின் வழக்கம்.

"சிறு தொகுப்பு" என்ற குறியை எழுத்துப்பிழை, இடைவெளி, நிறுத்தற்குறி ஆகியவற்றுக்கு மட்டும் இடுங்கள். ஒரு தகவலை மாற்றினால், அது ஒற்றை எண்ணாக இருந்தாலும், சிறு தொகுப்பு ஆகாது.

எழுத்து வழக்கில் ஓர் எச்சரிக்கை. தமிழ் விக்கிப்பீடியாவை இலங்கை, தமிழ்நாடு, மலேசியா, சிங்கப்பூர், புலம்பெயர்ந்த நாடுகள் எல்லாவற்றிலிருந்தும் எழுதுகிறார்கள். ஒருவர் "ரொறன்ரோ" என்பார், இன்னொருவர் "டொராண்டோ" என்பார். "யூலை", "ஜூலை" இரண்டும் உண்டு. கிரந்த எழுத்துப் பற்றிய விவாதம் ஓய்ந்தபாடில்லை. மற்றவர் வழக்கைப் பிழையென்று கருதி நூறு கட்டுரைகளில் மாற்றிக்கொண்டே போகாதீர்கள். பலர் மனம் புண்படுவதும், உங்கள் உழைப்பு முழுவதும் மீளமைக்கப்படுவதும்தான் அதன் பலன். தேடுகிறவருக்குக் கிடைக்க வேண்டுமானால் மாற்று எழுத்துக்கூட்டலில், கட்டுரைக்குத் தானே கொண்டுசெல்லும் ஒரு வழிமாற்றுப் பக்கம் உருவாக்கினால் போதும்.

4. ஆவணங்கள்: கட்டுரைக்கு முன் சான்று

புதுக் கட்டுரையின் முதல் வேலை நூலகத்தில்தான். பொருளோடு தொடர்பில்லாதவர்கள் எழுதிய, அப்பொருளைப் போகிறபோக்கில் தொடாமல் சற்று விரிவாகவே பேசுகிற சான்றுகள் இரண்டு மூன்றாவது கையில் இல்லாமல் தொடங்காதீர்கள். அவை கிடைக்கவில்லை என்றால் கட்டுரைக்கு இன்னும் காலம் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மனிதரோ ஊரோ சிறுமை என்று அதற்குப் பொருளில்லை. சரிபார்க்க வழியில்லாததை எழுத வேண்டாம், அவ்வளவுதான்.

நூலகத்தில் நூலைப் பார்க்கும்போதே இவற்றைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள்: தலைப்புப் பக்கம், அதன் பின்புறமுள்ள பதிப்பு விவரம், நீங்கள் பயன்படுத்தும் பக்கம், அதில் பக்க எண். ஆசிரியர், நூற்பெயர், பதிப்பகம், ஊர், ஆண்டு, பக்கம் ஆகிய ஆறும் சேர்ந்தால்தான் சான்று முழுமையாகும். பக்க எண் இல்லாமல் 600 பக்க நூலைச் சான்றாகக் காட்டுவது, சரிபார்க்க வருகிறவரின் ஒரு நாளை வீணடிப்பது. நாளிதழ் என்றால் நாளும் பதிப்பும் பக்கமும்; மதுரைப் பதிப்பில் வந்த செய்தி சென்னைப் பதிப்பில் இருக்காது. இணையப் பக்கம் என்றால் பார்த்த நாளைக் குறித்து, அன்றே இணைய ஆவணகத்தில் ஒரு படி சேமித்துவிடுங்கள். செய்தித் தளங்கள் வடிவமைப்பை மாற்றும்போது பழைய முகவரிகள் மொத்தமாகச் செத்துவிடுகின்றன.

நூலகத்துக்குப் போக இயலாதவர்களுக்கு இணையத்தில் கட்டணமின்றிக் கிடைப்பவையே நிறைய உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் தளம், பழந்தமிழ் இலக்கியத்துக்கு மதுரைத் திட்டம் ஆகிய மூன்றிலும் தேடாமல் "தமிழில் சான்று இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள்.

முகநூல் பதிவு, சொந்த வலைப்பதிவு, யூடியூப் பேச்சு, நினைவு மலர், சுவரொட்டி, இன்னொரு விக்கிக் கட்டுரை இவை சான்றாக நிற்காது. நிறுவனத்தின் சொந்தத் தளத்தை முகவரி, தொடங்கிய ஆண்டு போன்ற சாதாரணத் தகவலுக்குப் பயன்படுத்தலாம், சிறப்பைச் சொல்ல முடியாது.

கோயில் கட்டுரைகளில் இது அடிக்கடி இடறும் இடம் என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம். பலர் எழுதும் முதல் வரி இது: "2000 ஆண்டுகள் பழமை வாய்ந்த, அருள் பொங்கும் இத்திருத்தலம் உலகப் புகழ்பெற்றது." இதில் எதைச் சரிபார்ப்பது? அருள் பொங்குவதற்குச் சான்று காட்ட முடியாது, உலகப் புகழ் என்பது எழுதுகிறவரின் ஆசை, 2000 என்பது யாரோ சொன்ன வட்ட எண். அதே இடத்தில் "கருவறைத் தென்சுவரில் முதலாம் இராசராசனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது" என்று எழுதி, அக்கல்வெட்டு அச்சான தொகுதியையும் எண்ணையும் சான்றாகக் கொடுத்தால் கோயிலின் பெருமை தானே விளங்கும். ஆட்சியாண்டை அப்படியே எழுதுங்கள். 985இலிருந்து கூட்டி நீங்களே கிறித்து ஆண்டைக் கணக்கிடாமல், பதிப்பித்த அறிஞர் தந்திருந்தால் அவர் சொன்னதாகக் கொடுங்கள். சுவரில் நீங்களே படித்த, இன்னும் அச்சேறாத கல்வெட்டை விக்கிப்பீடியாவில் எழுத இயலாது. அது சொந்த ஆய்வு. அதை ஆய்விதழுக்கு அனுப்புங்கள், அச்சான பிறகு அதுவே சான்றாகும். தலபுராணக் கதையையும் விட வேண்டியதில்லை. "தலபுராணம் இவ்வாறு கூறுகிறது" என்று தனிப் பத்தியில், வரலாற்றோடு கலக்காமல் வைக்கலாம்.

உயிரோடிருப்பவர் பற்றி எழுதும்போது அளவுகோல் இன்னும் கடுமை. வழக்கு, நோய், குடும்பச் சச்சரவு பற்றிய சான்றில்லாத வரியை யார் வேண்டுமானாலும் உடனே நீக்கலாம், நீக்கவும் வேண்டும். உங்களைப் பற்றியோ, உங்கள் குடும்பத்தார், முதலாளி, ஆசிரியர் பற்றியோ நீங்களே கட்டுரை தொடங்காதீர்கள். ஏற்கெனவே கட்டுரை இருந்து அதில் பிழை இருந்தால் அதன் உரையாடல் பக்கத்தில் (கட்டுரையைப் பற்றிப் பேசுவதற்கான பக்கம்) சான்றோடு எழுதி, வேறொருவரைத் திருத்தச் சொல்லுங்கள். பணம் வாங்கிக்கொண்டு எழுதுகிறவர், யாருக்காக எழுதுகிறார் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதி. "பணம் கொடுத்தால் உங்கள் கட்டுரை நீக்கப்படாமல் பார்த்துக்கொள்கிறேன்" என்று யாராவது மின்னஞ்சல் அனுப்பினால் அது மோசடி. நிர்வாகிகள் ஊதியமில்லாத தன்னார்வலர்கள். எதற்கும் கட்டணம் கேட்கமாட்டார்கள்.

5. பதிப்புரிமை: ஒரு பத்தியும் கூடாது

நாளிதழிலிருந்தோ நூலிலிருந்தோ ஒரு பத்தியை அப்படியே எடுத்துப் போட்டு அடியில் சான்று கொடுத்தால் போதும் என்று நினைப்பவர்கள் மிகுதி. போதாது. சொற்களை ஆங்காங்கே மாற்றி வாக்கிய அமைப்பை வைத்துக்கொள்வதும் படியெடுத்தலே. தகவலுக்குப் பதிப்புரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்கு உண்டு. படித்துவிட்டு, ஆண்டு, பெயர், எண் ஆகியவற்றை மட்டும் தாளில் குறித்துக்கொண்டு, மூலத்தை மூடிவிட்டு, குறிப்பைப் பார்த்து உங்கள் நடையில் எழுதுங்கள். பிறகு மூலத்தைத் திறந்து தகவல் சரியா என்று மட்டும் ஒப்பிடுங்கள்.

பழைய நூல்களின் காப்புக் காலம் நாட்டுக்கு நாடு வேறு. ஆசிரியர் மறைந்த பிறகு இந்தியாவில் 60 ஆண்டு, இலங்கையிலும் சிங்கப்பூரிலும் 70, மலேசியாவில் 50. தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களையும் பயன்படுத்தலாம், ஆனால் ஆசிரியர் பெயர் அரசின் பட்டியலில் இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஆங்கில விக்கிப்பீடியாவிலிருந்து மொழிபெயர்க்கத் தடையில்லை. ஆனால் எந்தக் கட்டுரையிலிருந்து எடுத்தீர்கள் என்று தொகுப்புச் சுருக்கத்தில் இணைப்போடு சொல்வது உரிமத்தின் நிபந்தனை. இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே சேமிக்காதீர்கள். ஆங்கில "பேங்க்" என்பதைப் பிழையாகப் பெயர்த்து "பிரபலமான வங்கி" என்று ஆற்றங்கரையைப் பற்றி எழுதிய வரிகள் நீக்கப்பட நெடுநேரம் ஆகாது. ஆங்கிலக் கட்டுரையின் அடியிலிருக்கும் சான்றுகளைத் திறந்து பார்க்காமல் நகலெடுப்பதும் ஆபத்து. அங்கே பிழை இருந்தால் அதை இரண்டாவது மொழிக்கும் கொண்டுவந்தவர் நீங்களாவீர்கள்.

நீங்கள் எழுதியதன் நிலை என்ன என்பதையும் சேமிக்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். விக்கிப்பீடியாவின் உரை கிரியேட்டிவ் காமன்ஸ் குறிப்பிடுதல்-அதேமாதிரிப் பகிர்தல் 4.0 உரிமத்தில் வெளியாகிறது. யாரும் அதை மாற்றலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் கொடுத்தால் போதும். பிறகு திரும்பப் பெற முடியாது. நூலாக்க நினைக்கும் சொந்த ஆய்வை இங்கே போடாதீர்கள். மனமொப்பி விட்டுக்கொடுக்கக்கூடியதை மட்டும் போடுங்கள். "என் கட்டுரையை மாற்றிவிட்டார்கள்" என்ற வருத்தம் புதியவர்களை அரிக்கும் பெரிய வருத்தம். பெயர் பக்கத்தின் வரலாற்றில் இருக்கும், கட்டுரை எல்லாருடையதுமாகிவிடும்.

6. மணல்தொட்டியிலிருந்து கட்டுரைக்கு

முதலில் அதே கட்டுரை வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று தேடுங்கள். இராமசாமி, ராமசாமி, ராமஸ்வாமி மூன்றையும் போட்டுப் பாருங்கள். ஆங்கிலக் கட்டுரை இருந்தால் அதன் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் நம்பகமான வழி.

உங்கள் பயனர் வெளியிலுள்ள மணல்தொட்டியில் (உங்கள் பெயரில் உள்ள வரைவுப் பக்கம்) எழுதுங்கள். அவசரமில்லை, பல நாள் கிடக்கலாம். நேரடியாகக் கட்டுரைவெளியில் (வாசகர் பார்க்கும் பகுதியில்) "விரைவில் விரிவாக்கப்படும்" என்று இரண்டு வரியோடு தொடங்கினால், நீங்கள் இரவு உணவு முடித்து வருவதற்குள் நீக்கல் வார்ப்புரு வந்திருக்கும்.

முதல் வாக்கியம், இது என்ன, எங்கே, ஏன் குறிப்பிடத்தக்கது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பெயருக்கு முன் திரு, டாக்டர், கலைமாமணி, அருள்மிகு போன்ற அடைகள் வேண்டாம். விருது பெற்றதைக் கட்டுரையின் உள்ளே ஆண்டோடு எழுதலாம். பத்திக்கு ஒரு சான்றாவது இருக்கட்டும். மூன்று பத்தி, மூன்று நல்ல சான்று உள்ள கட்டுரை நிலைத்துவிடும்.

கட்டுரைவெளிக்குக் கொண்டுபோன அன்றே மூன்று வேலை: குறைந்தது ஒரு பகுப்பு சேர்த்தல், தொடர்புடைய வேறு இரண்டொரு கட்டுரைகளிலிருந்து இதற்கு இணைப்புக் கொடுத்தல், விக்கித்தரவில் பிறமொழிக் கட்டுரைகளோடு இணைத்தல். யாரும் இணைக்காத கட்டுரை யார் கண்ணிலும் படாது. கண்ணில் படாததை யாரும் திருத்தவும்மாட்டார்கள்.

7. படங்கள்

நீங்களே எடுத்த படத்தைப் பொதுவகத்தில் ஏற்றுங்கள், எல்லா மொழி விக்கிகளும் பயன்படுத்தும். கேமராவிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ மூலக்கோப்பையே ஏற்ற வேண்டும். வாட்சப்பில் அனுப்பிப் பெற்ற படம் சுருங்கிப்போவதோடு எடுத்த நாள், கருவி ஆகிய உட்தகவல்களையும் இழந்துவிடும். அப்படிப்பட்ட படத்தைப் பார்த்ததும் இணையத்திலிருந்து எடுத்தது என்று ஐயப்படுவார்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது என்ன, எங்கே, எந்த ஆண்டு என்று விளங்கட்டும்.

பிறர் எடுத்த படம் என்றால் உரிமை எடுத்தவருடையது, படத்தில் இருப்பவருடையதன்று. எழுத்தாளர் தன் படத்தை உங்களுக்கு அனுப்பி "போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் போதாது. ஒளிப்படக்காரர் உரிமத்தைக் குறிப்பிட்டு ஒப்புதல் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமங்களைப் பொதுவகம் ஏற்காது. இந்தியாவில் பொது இடத்தில் நிலையாக உள்ள கட்டடம், சிலை ஆகியவற்றைப் படமெடுத்து வெளியிடலாம். சுவரோவியத்துக்கும் பதாகைக்கும் அந்தச் சலுகை பொருந்தாது. காணொளி எம்பி4 வடிவில் ஏறாது, வெப்எம் ஆக்க வேண்டும்.

8. நீக்கினால், மீளமைத்தால்

முதலில் எதையும் திரும்பப் போடாதீர்கள். பக்கத்தின் வரலாற்றைத் திறந்து, மாற்றியவர் சுருக்கத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்று படியுங்கள். காரணம் அங்கேயே இருக்கும். புரியவில்லை என்றால் உரையாடல் பக்கத்தில், "இந்த வரியை ஏன் நீக்கினீர்கள்? சான்று இது" என்று ஒரே ஒரு செய்தியைப் பற்றிக் கேளுங்கள். செய்தியின் முடிவில் நான்கு அலைக்குறி (~~~~) இட்டால் உங்கள் பெயரும் நேரமும் தானே விழும். பதிலுக்குச் சில நாள் காத்திருங்கள். எதிரில் இருப்பவரும் வேலை முடிந்து வந்து எழுதுகிற ஒருவர்தான். அவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்று தொடங்கினால் பத்தில் எட்டுச் சச்சரவு அங்கேயே முடிந்துவிடும்.

மாறி மாறி மீளமைப்பது தொகுப்புப் போர். ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் 3 முறைக்கு மேல் மீளமைத்தாலே தடை விழும். நீங்கள் சொல்வதே சரி என்பது அங்கே எடுபடாது. உடன்பாடு வரவில்லை என்றால் ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கத்தில் எல்லாரிடமும் கேளுங்கள். தொழில்நுட்ப ஐயங்களுக்கு ஒத்தாசைப் பக்கம் இருக்கிறது.

முழுக் கட்டுரையும் நீக்கப்பட்டிருந்தாலும் உரை அழிந்துபோவதில்லை. நிர்வாகிகளால் பார்க்க முடியும். "சான்று சேர்த்து மீண்டும் முயல விரும்புகிறேன், என் மணல்தொட்டிக்கு மாற்றித் தர இயலுமா" என்று கேட்டால், பதிப்புரிமை மீறலாக இல்லாதவரை பெரும்பாலும் தருவார்கள்.

9. கட்டுரை எழுதப் பிடிக்காதவர்களுக்கு

விக்கிமூலம். பழைய நூல்களின் ஒளிவருடிய பக்கம் ஒருபுறம், எழுத்துணரி தந்த உரை மறுபுறம். பிழையைத் திருத்திச் சேமிப்பதுதான் வேலை. பக்கத்துக்குப் பத்து நிமிடம் ஆகலாம். சிவப்பு நிறத்திலிருக்கும் பக்கத்தை ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சளாகும். மஞ்சளைப் பச்சையாக்க இன்னொருவர் வேண்டும். முதலில் பார்த்தவரே அதைச் செய்ய மென்பொருள் விடாது. என் மனதுக்கு மிகவும் நெருக்கமான விதி இது. எவ்வளவு தேர்ந்தவரானாலும் இரண்டாவது கண் வேண்டும் என்பதைப் பேச்சாக விடாமல் பொத்தானிலேயே வைத்திருக்கிறார்கள். மூலநூலில் உள்ள பழைய எழுத்துக்கூட்டலைத் திருத்தாதீர்கள், அச்சில் உள்ளபடியே இருக்கட்டும்.

10. காலக் கணக்கு

கணக்கும் தட்டச்சும் ஒரு மாலை. சிறு திருத்தங்கள் இரண்டு வாரம். சான்று திரட்ட ஒன்றிரண்டு வார இறுதிகள். மணல்தொட்டியில் எழுத ஒரு வாரம். ஆக, நிதானமாகப் போனால் முதல் கட்டுரைக்கு ஏறத்தாழ நான்கைந்து வாரம். செலவு என்றால் நூலகத்துக்குப் போய்வருவதும் நகலெடுப்பதும் மட்டுமே.

ஆறு மாதம், 500 தொகுப்பு ஆகி, கடைசி 30 நாளில் 10 தொகுப்பாவது செய்திருந்து, தடை எதுவும் இல்லாமல் இருந்தால் விக்கிப்பீடியா நூலகம் திறக்கும். பணம் கட்டிப் படிக்க வேண்டிய ஆய்விதழ்த் தொகுப்புகள் அங்கே இலவசம். உங்கள் விக்கிக் கணக்கைக் கொண்டே உள்ளே போகலாம்.

இடையில் தேர்வோ வேலையோ வந்து விலக வேண்டியிருந்தால், கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் சில வரி எழுதிவிட்டுப் போங்கள்: எந்தப் பகுதி முடிந்தது, எந்த நூல் எந்த நூலகத்தில் பார்க்கக் கிடைக்கிறது, எந்தத் தகவலில் இரண்டு சான்றுகள் முரண்படுகின்றன. வேலையை எடுத்துச் செய்ய வருகிறவர் எங்கிருந்து தொடங்குவது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.